இருநூற்று நாற்பத்தொன்றாம் ஆளின் விலை

இல்லை, ஜவாரிஸ் சபையின் பணத்தைத் தின்னவில்லை. மேவிஸ் தன் முடி அலங்காரக் கடையில் ஒவ்வொரு தலையாக அலசிக்கொண்டே, தின்றுவிட்டான் என்றுதான் சொல்லி வருகிறாள். சொல்கிற வாய்க்கும் வலிக்கவில்லை, கேட்கிற காதுகளுக்கும் புளிக்கவில்லை. போன வியாழக்கிழமை என் தலை அவளுடைய தொட்டிக்குள் கிடந்தபோதே ஆரம்பித்துவிட்டாள்.

"முப்பத்தஞ்சு லட்சம் டாலர் வாங்கினவன் அத்தை அவன். கர்த்தருக்குப் பத்துல ஒண்ணு குடுக்க மனசு வரல. மண்டபத்தப் பாருங்க, கூரையில்லாம மழையில நிக்குது."

நான் தொட்டியிலிருந்து தலையைத் தூக்கினேன். தண்ணீர் கழுத்து வழியாக முதுகுக்குள் ஓடியது, ஓடட்டும் என்று விட்டேன்.

"அந்த முப்பத்தஞ்சு லட்சத்த நீ கண்ணால பாத்தியாடி?"

"டிவில சொன்னாங்களே."

"டிவி இன்னைக்கு மழை வராதுன்னும் சொல்லுச்சு. போய் வெளிய உன் துணியெல்லாம் எப்படி இருக்குன்னு பாரு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது என் பேச்சுக்குச் சிரித்த சிரிப்புதான். ஜவாரிஸைப் பற்றி ஒருத்தியும் மனதை மாற்றிக்கொள்ளவில்லை. அதனால்தான் இதை முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவன் அம்மா வெர்லீன் என் பக்கத்து வீடு. சோளம் பொதிகிற கொட்டகையில் இருபத்திரண்டு வருடம் நின்றபடி வேலை பார்த்தவள். அப்பன் கரும்பு லாரி ஓட்டினான், ஒருநாள் லாரியோடு வடக்கே போனவன் லாரியை மட்டும் திருப்பி அனுப்பினான். ஜவாரிஸ் ஒரே பிள்ளை. இந்த ஏரிக்கரையில் எல்லாப் பிள்ளைகளும் ஓடும். அறுவடைக்கு முன் கரும்புக்குத் தீ வைக்கிற மாதங்களில், தீக்குப் பயந்து வெளியே பாய்கிற முயலைத் துரத்தி ஓடும். இவனும் ஓடினான். மற்றவர்களைவிட வேகமாக என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவனை யாராலும் முழுதாகப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பிடித்தால் சட்டைதான் கையில் வரும்.

அவனிடம் ஒரு கோளாறு உண்டு, அதையும் மறைக்க மாட்டேன். 'வேண்டாம்' என்று சொல்ல அவனுக்குத் தெரியாது. எட்டு வயதில் ஓர் ஈஸ்டர் அன்று அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தான். மாட்டுவாலும் சோறும் வைத்தேன், தின்றான். எங்கள் சபைக் கணக்கைப் பார்க்கிற டீக்கன் ஹோலிஸ் வீட்டில் கூப்பிட்டார்கள், அங்கேயும் போய்த் தின்றான். சாயங்காலம் மூன்று வீட்டுச் சாப்பாட்டையும் என் ரோஜாச்செடி மேல் வாந்தி எடுத்தான். ஏன்டா சொல்லித் தொலைக்கவில்லை என்று கேட்டேன். "நீங்க ஆசையா வச்சீங்க அத்தை" என்றான்.

கல்லூரியில் நான்கு வருடம் அமெரிக்கக் கால்பந்து ஆடினான், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஓட்டக்காரனாக. பிறகு தேர்வு நாள் வந்தது. நாட்டிலுள்ள பெரிய அணிகள் எல்லாம் வரிசைபோட்டு, ஒவ்வொருவராகப் புதுப் பையன்களின் பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்ளும் நாள். மூன்று நாள் நடக்கும் அது. முதல் நாள் பெயர் வருகிறவன் ராஜா. எங்கள் பிள்ளையின் பெயர் மூன்றாம் நாள், சனிக்கிழமை, மீன் வறுத்துத் தின்று தட்டுகளைக் கழுவியும் வைத்துவிட்ட பிறகு வந்தது. இருநூற்று நாற்பத்தொன்றாவது பெயர். வெர்லீன் தரையில் உட்கார்ந்து அழுதாள். தெருவில் கார்கள் ஹாரன் அடித்தபடி சுற்றின. டிவியில் ஆறு மணிச் செய்தி வாசிக்கிற சிவப்பு டை கட்டியவன் சொன்னான்: நான்கு வருட ஒப்பந்தம், மதிப்பு முப்பத்தைந்து லட்சம் டாலர்.

எல்லா வினையும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்கியது.

மறுநாள் ஞாயிறு. பாஸ்டர் கிரம் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஜவாரிஸை எழுந்து நிற்கச் சொன்னார். எங்கள் சபையில் தசமபாகம் என்பது விளையாட்டுப் பேச்சு இல்லை. பொதிக்கொட்டகைச் சம்பளத்தில் பத்தில் ஒன்று வைத்துவிட்டுத்தான் வெர்லீன் மின்சாரக் கட்டணம் கட்டுவாள். சில மாதம் அதுவும் கட்ட மாட்டாள். ஆகவே பாஸ்டர் கணக்குப் போட்டதில் யாருக்கும் விகல்பம் தோன்றவில்லை. முப்பத்தைந்து லட்சத்தில் பத்தில் ஒன்று மூன்றரை லட்சம். சாவு வீட்டுச் சாப்பாட்டுக்கும் கல்யாணத்துக்கும் இடமில்லாமல் நாம் தவிக்கிறோம், பழைய மண்டபத்தின் தரை ஓட்டை, கர்த்தர் நம் நடுவிலிருந்தே ஒரு பிள்ளையை எழுப்பியிருக்கிறார் என்றார்.

பிறகு கேட்டார்: "மகனே, சபை முன்னால என்ன சொல்றே?"

எங்கள் சபையில் பொருத்தனைக்கு, கர்த்தருக்கு இதைத் தருகிறேன் என்கிற வாக்குக்கு, ஆமென் சொன்னால் அது கையெழுத்துக்கு மேல். காகிதத்தைக் கிழிக்கலாம், ஆமெனைக் கிழிக்க முடியாது. இருநூறு பேர் அவன் முகத்தையே பார்த்தார்கள். அவன் அம்மா கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமென்," என்றான் ஜவாரிஸ்.

அந்த வாரமே பழைய மண்டபத்தை இடித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அவன் என் சமையலறைக்கு ஒரு தடித்த காகிதக் கட்டோடு வந்தான். எனக்கு வாசிக்கத் தெரியாது, அவன் வாசித்தான். ஒவ்வொரு வரியையும் எனக்கு விளங்கும்வரை விட மாட்டேன் என்று உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு வருடமும் ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று எல்லா அணிகளையும் நடத்துகிற சங்கம் ஒரு வரம்பு வைத்திருக்கிறதாம். அதற்குமேல் ஒரு காசு போகக் கூடாது. அந்த வரம்புக்குள்ளே புதுப் பையன்களுக்கென்று தனியாக ஒரு சின்னப் பங்கு. அதையும் அணி இஷ்டம்போல் பிரிக்க முடியாது. முதலாவது பெயருக்கு இவ்வளவு, இரண்டாவது பெயருக்கு அதில் கொஞ்சம் குறைவு என்று கடைசிப் பெயர்வரை இறங்கிக்கொண்டே போகிறது. ஆளின் பெயர் தெரிவதற்கு முன்பே விலை எழுதப்பட்டுவிடுகிறது.

"அப்ப நீ போய்ப் பேசு. இன்னும் கொஞ்சம் கேளு. சந்தையில மீன்காரி கிட்டகூடக் கேக்குறோம்."

"கேக்க முடியாது அத்தை. இருநூத்து நாப்பத்தொண்ணுக்கு இதுதான். நான் மோசமா ஓடினாலும் இதுதான், பறந்தாலும் இதுதான்."

"யாருடா இப்படி எழுதினது?"

"சங்கமும் பழைய ஆட்டக்காரங்களும் சேர்ந்து பேசி எழுதினாங்க. புதுசா வர்றவனுக்குக் குறைச்சா அவங்களுக்கு மிச்சம் வரும்ல. அப்ப நான் அஞ்சாங்கிளாஸ்."

"உன்ன யாரும் கேக்கலியா?"

"அஞ்சாங்கிளாஸ்காரனை யாரு அத்தை கேப்பா."

இன்னும் ஒன்று வாசித்தான். அதைக் கேட்டபோது நான் அடுப்பை அணைத்தேன். முப்பத்தைந்து லட்சம் என்பது நான்கு வருடமும் அவன் அணியில் இருந்தால் வருகிற பணம். இன்றைக்குக் கையில் வருவது தொண்ணூறாயிரம். வரியும் ஏஜென்ட்டும் போக ஐம்பத்தைந்தாயிரம். மற்றதெல்லாம், ஆட்டம் தொடங்குமுன் அணி 'நீ வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் இல்லை. கொடுக்கிறோம் என்று அணி எங்கேயும் சத்தியம் செய்யவில்லை. சத்தியம் செய்தவன் இவன் ஒருவன்தான், அதுவும் சபையில்.

இப்போதே போய் பாஸ்டரிடம் சொல் என்றேன். "அம்மா முகத்தப் பாத்தீங்கல்ல" என்றான். அணியில் நான் நிலைத்தால் எல்லாம் கொடுத்துவிடலாம், நிலைப்பேன் என்றான். கையில் வந்த ஐம்பத்தைந்தில் நாற்பதாயிரத்தை அந்த வாரமே டீக்கன் ஹோலிஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். இன்று மேவிஸ் விரல் நீட்டிக் காட்டுகிற மண்டபத்துக்குச் சுவர் நிற்கிறதே, நாலு பக்கமும், அது அந்த நாற்பதாயிரம்தான். கூரை இல்லாததைப் பார்க்கிற கண்ணுக்குச் சுவர் தெரியாமல் போகிறது.

வடக்கே குளிர் ஊருக்குப் போனான். கோடை முழுக்கத் தொண்ணூறு பேரை வைத்துப் பழக்குவார்கள், ஆகஸ்ட் கடைசியில் ஐம்பத்து மூன்று பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தள்ளுவார்கள். தள்ளுகிற அன்று காலையில் ஓர் ஆள் அறைக் கதவைத் தட்டுவானாம். பெரிய பயிற்சியாளர் கூப்பிடுகிறார், உன் பாடப் பலகையையும் எடுத்துக்கொண்டு வா என்பானாம். அணி கொடுக்கிற கணினிப் பலகை அது, ஆட்டத் திட்டமெல்லாம் அதற்குள் இருக்கிறது, அதனால் பலகையைக் கேட்டாலே பையனுக்குப் புரிந்துவிடும். இவன் அறைக் கதவையும் அந்த ஆள் வந்து தட்டினான்.

அன்றைக்கு அந்த நான்கு வருடக் காகிதம் செத்தது. முப்பத்தைந்து லட்சமும் அதோடு செத்தது. அதை எந்தத் தொலைக்காட்சியும் சொல்லவில்லை.

மறுநாளே அதே அணி அவனைத் திரும்பக் கூப்பிட்டு, பயிற்சிக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டது. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடுவதற்காக, வாரம் முழுக்க அவர்கள்மேல் மோதி விழுகிற வேலை. வாரக்கூலி. எந்த வாரமும் அனுப்பிவிடலாம். ஒவ்வொரு வாரமும் பத்தில் ஒன்று டீக்கனுக்கு வந்தது, கூடவே சம்பளச் சீட்டின் நகலும் வந்தது. சந்தேகம் வரக் கூடாது என்று அவனே அனுப்பினான். டீக்கன் அதையெல்லாம் ஓர் உறையில் போட்டு வைத்தார், வாயை மட்டும் திறக்கவில்லை. பாஸ்டர் பெரிய மண்டபமாகத் திட்டம் போட்டு ஒப்பந்தக்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது. இப்போது எதற்கு மக்கள் மனதைக் கலைப்பது என்று டீக்கன் நினைத்திருப்பார்.

இரண்டாம் வருடமும் அதே மோதல், அதே வாரக்கூலி. மூன்றாம் வருடம் ஆகஸ்டில் அணியின் மூத்த ஓட்டக்காரர் டோபியாஸை அனுப்பிவிட்டார்கள். ஒன்பது வருடம் ஆடிய ஆள். நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் சம்பளம் பெரிது. வரம்புக்குள் அடங்க வேண்டும், பந்தை எறிகிறவனுக்கு அள்ளிக் கொடுக்க வேண்டும், அதனால் ஓடுகிறவனில் மிச்சம் பிடித்தார்கள். அந்த இடத்துக்கு ஜவாரிஸ் வந்தான், விதியில் உள்ள ஆகக் குறைந்த சம்பளத்துக்கு. டோபியாஸ் தன் பெட்டியைக் காலிசெய்துகொண்டிருந்தபோது இவன் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். இவன் கேட்காமல் இருப்பானா?

"நீ என்ன பண்ணுவ தம்பி," என்றாராம் அவர். "நீ என்னைவிட நல்லா ஓடுறன்னு உன்ன எடுக்கல. என்னைவிட மலிவுன்னு எடுத்தாங்க. காலைப் பாத்துக்கோ."

அந்த வருடம் அவன் ஆடியதை இந்த ஊரே பார்த்தது. ஐந்து ஆட்டம். சபை முடிந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல் என் வீட்டில் வந்து குவிவார்கள். மூன்றாவது ஆட்டத்தில் நாலு பேர் அவன்மேல் தொங்க அவன் நடந்துபோய்க் கோட்டைத் தாண்டினான். மேவிஸ் என் சோபாவில் ஏறி நின்று குதித்தாள், அதன் கால் இன்னும் ஆடுகிறது. அன்றைக்கு அவன் அவளுக்கு 'எங்க பையன்'. குதித்துக் களைத்ததும், "இப்ப சம்பளத்த ரெண்டு மடங்கு கேக்கணும் அவன், மண்டபம் முடிஞ்சிரும்" என்றாள்.

அதையே நான் தொலைபேசியில் அவனிடம் கேட்டேன்.

"கேக்கலாம் அத்தை. அவங்க குடுக்கத் தேவையில்ல. மூணு முழு வருஷம் கணக்குல ஏறணும். அதுவரைக்கும் கம்மி சம்பளம் எழுதிக் காட்டினாப் போதும், நான் அவங்களுக்குத்தான் ஆடணும். வேற அணி எங்கிட்டப் பேசவே கூடாது."

"மூணு வருஷம்தான் ஆச்சேடா."

"பயிற்சி வருஷம் கணக்குல சேராது. இது முதல் வருஷம். இன்னும் ரெண்டு தாங்கிட்டாப் போதும். அப்புறம் யாரு வேணா என்ன விலை வேணா கேக்கலாம். ஒரே கையெழுத்துல பாஸ்டருக்கு மொத்தமும் குடுத்துருவேன்."

அவன் வேறு எதையும் பேசவில்லை. கார் இல்லை, பெண் இல்லை, அம்மாவுக்குப் புது வீடுகூட இல்லை. 'இன்னும் ரெண்டு' என்பதை மட்டும் விரலில் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

ஆறாவது ஆட்டத்தில் முழங்கால் போனது. மோதியவன் வேண்டுமென்று செய்யவில்லை, அவனும் எங்கோ ஒரு வெர்லீனின் பிள்ளைதான். முட்டி பக்கவாட்டில் மடங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். டிவியில் அதை மூன்று தடவை திரும்பக் காட்டினார்கள்.

குறைந்த சம்பளக்காரர்களின் காகிதத்தில் இரண்டு விலை எழுதியிருக்குமாம். ஆடினால் ஒன்று, அடிபட்டுப் படுத்தால் அதில் பாதி. ஆகவே ஆஸ்பத்திரியில் கிடந்த வாரங்களில் பாதிச் சம்பளம். அதிலும் பத்தில் ஒன்று டீக்கனுக்கு வந்தது. அடுத்த வசந்தத்தில் அணி அவனை விடுவித்தது. அதே மாதம் தேர்வு நாளில் இன்னொரு பையனை எடுத்தார்கள். ஓடுகிறவன்தான். அந்தப் பையனுக்கும் விலை முன்கூட்டியே எழுதியிருந்தது.

ஜவாரிஸ் வீட்டுக்கு வந்தான். காலில் இரும்புப் பட்டையோடு வெர்லீனின் முற்றத்தில் உட்கார்ந்து ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். வேறு இரண்டு அணிகளின் மருத்துவர்கள் முட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஊர் அவன் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பணத்தை எங்கே புதைத்திருக்கிறான் என்று பேசிக்கொண்டது. சர்க்கரை ஆலைக் காவல் வேலைக்கு மனு போட்டான். 'லட்சாதிபதிக்கு என்ன வேலை' என்று சிரித்து அனுப்பினார்கள். மண்டபத்துக்குத் தானே கல் அடுக்குகிறேன், மாமன் கொத்தனார், கற்றுக்கொடுப்பார் என்று பாஸ்டரிடம் கேட்டான். கூலி வேலைக்காக உன்னைக் கர்த்தர் எழுப்பவில்லை என்றார் பாஸ்டர்.

அக்டோபரில், கரும்புக்குத் தீ வைத்து ஊரெல்லாம் கருப்புச் சாம்பல் பறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம் என்று கதவைச் சாத்தினார்கள். வாசல் ஊழியம் அன்று எனக்கு. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கதவருகில் நின்றேன்.

டீக்கன் ஹோலிஸ் எழுந்து வாசித்தார். பொருத்தனை மூன்றரை லட்சம். வந்தது எழுபத்தெட்டாயிரம். ஒப்பந்தக்காரர் வேலையை நிறுத்திவிட்டார். ஆகவே சகோதரன் ஜவாரிஸ் பீடத்தின் முன் நின்று, கர்த்தருக்குச் சேர வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டேன் என்று அறிக்கை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் சபைப் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும்.

ஜவாரிஸ் எழுந்தான். முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டீக்கன் ஐயா, என் சீட்டு எல்லாம் உங்ககிட்டதான இருக்கு. என் கைக்கு வந்ததுல பத்துல ஒண்ணுக்கு மேலதான் குடுத்திருக்கேன். சபைக்குச் சொல்லுங்க."

டீக்கன் தன் காலணியைப் பார்த்தார். அந்த உறை அவர் சட்டைப் பையிலேயே இருந்ததோ, வீட்டில் இருந்ததோ எனக்குத் தெரியாது. அவர் வாயில் இருந்திருக்க வேண்டியது, அங்கே இல்லை.

"இது கணக்கு விஷயம் இல்ல மகனே," என்றார் பாஸ்டர். குரலில் கோபம் இல்லை, அவர் நல்ல மனிதர்தான். "நீ கர்த்தர் முன்னால ஆமென் சொன்னே."

"சொன்னேன் பாஸ்டர். இல்லாத பணத்துக்குச் சொன்னேன். அது தப்பு, அதுக்கு மன்னிச்சிருங்க." பெஞ்சிலிருந்து கையை எடுத்தான். "திருடினேன்னு சொல்லச் சொல்றீங்க. அது மட்டும் வேண்டாம்."

அந்தப் பிள்ளை வாயிலிருந்து வேண்டாம் என்ற சொல்லை நான் கேட்டது அன்றுதான்.

பட்டியலிலிருந்து எடுக்கச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் டீக்கன். மேவிஸ் தூக்கினாள். அவள் புருஷன் தூக்கினான். அந்த மூன்றாவது ஆட்டத்தில் என் வீட்டில் கத்தித் தீர்த்தவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். சிலர் தோள்வரைதான் தூக்கினார்கள், ஆனாலும் தூக்கினார்கள். வெர்லீன் தூக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் பின்னிக்கொண்டு குனிந்திருந்தாள். நாற்பது வருடம் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் எழுந்து 'என் பிள்ளை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அவளை இன்றைக்கும் நேசிக்கிறேன், ஆனால் சொல்லியிருக்கலாம்.

பாஸ்டர் ஜெபிப்போம் என்று கண்ணை மூடினார். தலைகள் எல்லாம் குனிந்தன. ஜவாரிஸ் பெஞ்சைவிட்டு வெளியே வந்து நடுப்பாதையில் நடந்தான். பட்டை போட்ட கால் மரத்தரையில் ஒவ்வோர் அடிக்கும் சத்தம் போட்டது. ஜெபத்தின் நடுவில் யாரையும் நடக்க விடக் கூடாது, கை நீட்டித் தடுக்க வேண்டும் என்பது வாசல் ஊழியத்தின் முதல் விதி. முப்பத்தொரு வருடத்தில் நான் ஒருவரையும் விட்டதில்லை, வயிற்றுவலிக்காரியைக்கூட நிறுத்தி வைத்திருக்கிறேன். அவன் என் முன்னால் வந்து, தடுப்பேன் என்று நினைத்து நின்றான்.

"ஜெபம் முடியலியே அத்தை," என்றான், மெதுவாக.

"நீ போடா," என்றேன்.

கதவைத் திறந்து பிடித்தேன். படியில் முதலில் நல்ல காலை வைத்தான், பிறகு மற்றதை. சாம்பல் அவன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைமேல் விழுந்தது. தட்டிவிடவில்லை. அம்மாவின் வீட்டுப் பக்கம் திரும்பாமல், பேருந்து நிற்கிற நெடுஞ்சாலைப் பக்கமாக நடந்தான்.